வாளி இறங்கும் தண்ணீர்: சம்மாட்டிமாருக்கு ஒரு திறந்த மடல்

விசைப்படகு உரிமையாளர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், படகு முதலாளிகளான சம்மாட்டிமார், டிரைவர்மார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பதினோரு வருடம் கடலுக்குப் போனவன். முதுகு படுத்திய பாட்டில் கரையேறி, இப்போது ஒரு மீன்பிடித் துறைமுக வாசலில் கயிறு, போல்ட், பல்பு, பிளாஸ்டிக் டிரம் விற்கிறேன். மானிய மனுக்களும் எழுதிக் கொடுப்பேன். எங்கள் ஊர்ச் சம்மாட்டிமாரில் பாதிப் பேர் பெயர் என் கடன் நோட்டில் இருக்கிறது. திட்டுவதற்கு முன் ஒரு தடவை யோசிப்பார்கள் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். விஷயம் கொஞ்சம் கூச்சமானது. படகில் நாம் வெளிக்குப் போவது பற்றி.

போன மாதம் ஒரு விடியற்காலை. படகுகள் உள்ளே வந்து ஒன்றோடொன்று ஒட்டி ஐந்தாறு வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஒரு படகின் பின்பக்கத்தில் ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். துண்டால் முகத்தைப் பாதி மூடியிருந்தான். பக்கத்துப் படகில் ஒருவர் கயிறு கட்டிய வாளியைத் தண்ணீரில் வீசி, ஒரு சுண்டு சுண்டி நிரப்பி, மேலே இழுத்து, கூடையில் கிடந்த சங்கரா மீன் மேல் ஊற்றினார். மீன் பளபளவென்று ஆனது. அப்புறம் இன்னொரு வாளி. அந்தப் பையனுக்கும் இந்த வாளிக்கும் நடுவே இரண்டு மார் தூரம்கூட இல்லை.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பதினோரு வருடம் அப்படிக் குந்தியவனும் நான்தான், அப்படி வாளி போட்டவனும் நான்தான். கடையில் உட்கார்ந்து வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் இரண்டும் ஒரே தண்ணீர் என்பது உறைத்தது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நடுக்கடலில் பத்துப் பேர் போவதால் கடல் கெட்டுவிடாது. 'கடல் பெரிசுடா' என்று பெரியவர்கள் சொன்னதில் தப்பில்லை. உலகக் கப்பல் சட்டமே ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. மார்ப்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் நாலாவது இணைப்பு முழுக்க முழுக்கக் கப்பல் கழிவறையைப் பற்றியது. 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கழிவை அரைத்துக் கிருமி நீக்கி விடுவதானால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். அரைக்காமல் தொட்டியில் சேர்த்து வைத்ததை விடுவதானால் 12 கடல் மைலுக்கு அப்பால்தான், அதுவும் கப்பல் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக.

எதற்கு வேகம் என்று கேட்கலாம். ரயில் கழிவறையில் முன்பு எழுதியிருப்பார்களே, வண்டி நிலையத்தில் நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்று. அதே கணக்குதான். ஓடும் வண்டியில் விழுந்தது நாலு ஊருக்குச் சிதறிப்போகும். நிற்கும் வண்டியில் விழுந்தது அந்த நடைமேடையில் டீ விற்கிறவர் மூக்குக்கு நேரே கிடக்கும்.

இந்தச் சட்டம் வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பல்களுக்கு. அதிலும் 400 டன்னுக்குக் குறையாதது, அல்லது 15 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி உள்ளது. நம் படகு எதுவும் அதில் அகப்படாது. ஆனால் 3 மைல் கணக்கு நமக்குப் புதிதில்லை. 1983-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி விசைப்படகு 3 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. (அதை நாம் எந்த லட்சணத்தில் கடைப்பிடிக்கிறோம் என்பதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.)

ஆகவே என் சண்டை நடுக்கடலைப் பற்றி இல்லை. துறைமுகத் தொட்டியைப் பற்றி, அதாவது கல்சுவருக்குள் நாம் படகு கட்டும் தண்ணீரைப் பற்றி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு ஆள் ஒரு வேளைக்குப் போவது 100 கிராம் என்று வையுங்கள். ஒரு கிராமில் கோலிஃபார்ம் என்கிற குடல் பாக்டீரியா நடுவாந்தரமாக ஒரு கோடி. ஆக மொத்தம் 100 கோடி. குளிக்கத் தகுந்த கடல் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு 100 மில்லியில் 100 பாக்டீரியா, அதாவது மில்லிக்கு ஒன்று. அப்படியென்றால் இந்த 100 கோடியை அந்த அளவுக்குக் கரைக்க 100 கோடி மில்லி தண்ணீர் வேண்டும். பத்து லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் நூறு லாரி. ஒரே ஆள், ஒரே வேளை.

துறைமுக நீருக்கு வாரியம் கொஞ்சம் தாராளம், 500 வரை விட்டிருக்கிறது. துறைமுகத்துக்குள் யார் குளிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். மீனைக் குளிப்பாட்டுவோம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

நடுக்கடலில் அந்த நூறு லாரித் தண்ணீர் படகைச் சுற்றியே கிடக்கிறது, நீவாடும் (கடல் நீரோட்டம்) அடித்துக்கொண்டு போய்விடும். துறைமுகத்துக்குள் அப்படியில்லை. அலை வரக்கூடாது என்றுதானே கல் கொட்டி வளைத்துச் சுவர் கட்டினோம். அலை புகாத இடத்தில் தண்ணீரும் லேசில் மாறாது. ஏற்றவற்றமாவது இழுத்துக்கொண்டு போகுமா என்றால், குஜராத்துப் பக்கம் காம்பாத் வளைகுடாவில் பத்து மீட்டர்வரை ஏறி இறங்கும் கடல், நம் கரையில் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிது. வெயில் பட்டால் கோலிஃபார்ம் சில மணி நேரத்தில் சாக ஆரம்பிக்கும் என்பது உண்மை. ஆனால் அது தெளிந்த தண்ணீரில். நம் தொட்டி சேறும் டீசலுமாக இருக்கிறது, ஒரு முழம் ஆழத்துக்குக்கூட வெளிச்சம் இறங்காது. அடியில் சேற்றோடு படிந்தது அங்கேயே பல நாள் உயிரோடு கிடக்கும். படகை ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கலங்கி மேலே வரும். அதே நேரத்தில்தான் பக்கத்தில் யாராவது வாளி போடுவார்கள்.

ஐஸ் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. ஐஸ் கிருமியைத் தூங்கத்தான் வைக்கும். நோரோவைரஸ் மாதிரி வாந்திபேதிக் கிருமிக்கு உறைநிலையே ஒரு பொருட்டில்லை.

அந்த நோரோவைரஸ் சம்பந்தமாக ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. அமெரிக்காவில் லூசியானா மாநிலம், 1993 நவம்பர். அந்தக் கரையில் எடுத்த ஆளிச் சிப்பியைத் தின்றவர்கள் பல மாநிலங்களில் வாந்திபேதியில் விழுந்தார்கள். அங்கே ஆளியைப் பச்சையாகவே தின்பார்கள். சுகாதாரத் துறைக்காரர்கள் சிப்பி மூட்டைகளின் அட்டையை வைத்துப் பின்னோக்கிப் போனார்கள். அந்தத் திட்டில் சிப்பி எடுத்த 26 படகுகளை விசாரித்தபோது, 22 படகுக்காரர்கள் கழிவை அப்படியே கடலில் கொட்டுவதுதான் வழக்கம் என்று ஒப்புக்கொண்டார்கள். சிப்பி எடுத்தவர்களில் ஒருவருக்கு அதற்குச் சற்று முன்புதான் வயிற்றுப்போக்கு இருந்திருக்கிறது. ஆளிக்குத் தண்ணீரை வடிகட்டித் தின்பதுதான் பிழைப்பு. வளர்ந்த ஆளி ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல்கூட வடிகட்டும். அந்தத் தண்ணீரில் இருந்தது எல்லாம் அதன் வயிற்றில் சேர்ந்து, அங்கிருந்து மனிதர் தட்டுக்கு வந்துவிட்டது. கொட்டியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நம்மை மாதிரி, கடல் பெரிசு என்று நினைத்தவர்கள்.

நாம் மீனையும் மட்டியையும் வேகவைத்துத்தான் தின்கிறோம், நல்லவேளை. ஆனால் வேகும் முன்பு எத்தனை கை. துறைமுகத்தில் கூடை எடுக்கும் பெண்கள், சந்தையில் வெட்டிக் கொடுக்கிறவர், வீட்டு அரிவாள்மணை, அதே அரிவாள்மணையில் அடுத்து நறுக்கும் வெங்காயம். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் காலால் துழாவி மட்டி எடுக்கிறவர்களை விட்டுவிட்டேன். அவர்கள் நாள் முழுக்க அதே தண்ணீரில்தான் நிற்கிறார்கள்.

ஏற்றுமதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மீன் சரக்கைச் சுகாதாரக் குறையைக் காட்டி நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். அப்போது இறால் விலை என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் துறைமுகத்தில் முங்குகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். புரொப்பெல்லரில் கயிறோ வலையோ சுற்றிக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு படகுக்கடியில் போவார், மூச்சு முட்ட மேலே வருவார், மறுபடி போவார். வருடத்தில் பாதி நாள் காதில் சீழ். தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்துக்கொண்டு என் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் சொன்னார்: "தம்பி, கயிறு அறுக்கத்தான் கூலி கொடுக்கிறாங்க. காதுக்குத் தனியா வாங்கணும்." வெளியே திறந்த கடலில் முங்கினால் காதுக்கு ஒன்றும் ஆவதில்லையாம். தொட்டியில் முங்கினால்தான் இப்படி என்கிறார். டாக்டர் வேறு காரணம் சொல்லலாம். எனக்கு அவர் சொல்வதில் நம்பிக்கை இருக்கிறது.

இதைப் படிக்கும்போது உங்கள் வாயில் ஒரு பதில் தயாராக இருக்கும். ஊர்ச் சாக்கடை முழுக்கக் கடலில்தானே விழுகிறது, அதைவிட்டு எங்களிடம் வருகிறாயே என்று. நியாயமான கேள்வி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி இந்திய நகரங்களிலிருந்து நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் வருகிறது. அதில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதற்குப் பக்கத்தில் நம்முடையது சொட்டு. பூங்கோரை என்கிற நுண்பாசி பெருகி வந்து 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் மீன் செத்து ஒதுங்கியதே, அதற்குப் படகுக் கழிவுதான் காரணம் என்றும் நான் அளக்கமாட்டேன். தண்ணீரில் சத்து ஏறினால் பாசி கொழுக்கும், கடலடியில் வளரும் கடல்தாழைப் புல் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும், ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கு மேய்ச்சல் குறையும். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது அந்த மேய்ச்சலுக்காகத்தான். அந்தச் சத்தில் பெரிய பங்கு ஊர்களுடையது, சின்னப் பங்குதான் நமக்கு.

ஆனால் சாக்கடை எந்த மூலையில் விழுகிறது என்று நமக்குத் தெரியும். அந்தப் பக்கம் யாரும் வாளி போடுவதில்லை. நம்முடையது வாளி போடுகிற இடத்திலேயே விழுகிறது. தவிர, சாக்கடையைத் திருப்பச் சொல்லி ஒரு நாள் நகராட்சி வாசலில் போய் உட்காரத்தான் போகிறோம். அன்றைக்கு அதிகாரி ஜன்னலைத் திறந்து, உங்கள் படகுகளின் பின்பக்கத்தைக் காட்டினால் என்ன சொல்வீர்கள்?

சரி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். மற்றவர்கள் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பியூஜெட் சவுண்ட் என்று நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல் இருக்கிறது, மட்டிக்கும் ஆளிக்கும் பேர்போனது. அதற்குள் 2018 மே 10 முதல் படகுக் கழிவறைக் கழிவை, சுத்திகரித்ததைக்கூட, விடக் கூடாது. மீன்பிடிப் படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் மாற்றிக்கொள்ள ஐந்து வருடம் கொடுத்தார்கள். தொட்டியில் சேர்த்துக் கரையில் உறிஞ்சு பம்பில் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம்வரை 114 கிலோமீட்டர் ரயில் பாதை, 2016 ஜூலையில் நாட்டிலேயே முதலாவதாகக் கழிவு விழாத தடம் ஆனது. பெட்டிகளுக்கடியில், பாக்டீரியாவை வைத்துக் கழிவை மக்க வைக்கும் பயோ டாய்லெட் தொட்டி மாட்டினார்கள். அதற்கு முன்பு பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது ஜன்னலில் கடலைப் பார்த்துக் கைதட்டியவர்கள் காலுக்குக் கீழே என்ன நடந்தது என்று யோசித்திருக்க மாட்டார்கள். ரயில்வே திருந்திவிட்டது. அந்தப் பாலத்துக்கு அடியில் போகும் படகு இன்னும் பழையபடிதான்.

காசுக்கும் வழி இருக்கிறது. 2020-இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், விசைப்படகில் பயோ டாய்லெட் வைக்க ஒரு தலைப்பே வைத்தார்கள். ஒன்றுக்கு 50,000 ரூபாய் மதிப்பு. அதில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். வலைக்கும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டருக்கும் மனு எழுதக் கடையில் வரிசை நிற்கிறது. இதற்கென்று ஒருவர்கூட என்னிடம் மனு எழுத வந்ததில்லை. பயோ டாய்லெட் வைத்தால் ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும்: பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றக் கூடாது. கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்துப்போகும், அப்புறம் அது வெறும் நாற்றப் பெட்டிதான்.

அதற்குக்கூடப் பொறுமையில்லை என்றால் என் கடை யோசனை ஒன்று. இப்போது கட்டும் பெரிய படகுகளில் பின்னால் ஒரு சின்ன அறை வைத்து, குழாயை நேரே கடலுக்கு விடுகிறார்கள். அந்தக் குழாயில் மூவழி வால்வு ஒன்று. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் 200 லிட்டர் நீல டிரம். டிரம்முக்குக் காற்றுப்போக்கிக் குழாய் ஒன்று, இல்லையென்றால் உப்பிவிடும். 12 மைலுக்கு வெளியே, படகு ஓடும்போது வால்வு கடல் பக்கம். உள்ளே வரும்போது டிரம் பக்கம். வேளைக்கு 3 லிட்டர் ஊற்றினாலும் பத்துப் பேருக்கு 30 லிட்டர். டிரம் நிறைந்தாலும் நாலு ஐஸ் பார் எடைதான். கரைக்கு வந்ததும் கழிவுநீர் லாரிக்காரர் குழாயை விட்டு உறிஞ்சிக்கொள்வார். வீட்டு செப்டிக் டேங்குக்கு வருகிற அதே லாரி. வாரத்தில் இரண்டு நாள் துறைமுகத்துக்குள் வந்து நிற்கச் சங்கம் பேசி வைத்தால் போதும்.

கரைக் கழிவறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறைமுகத்தில் இருப்பதை ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டுகிறார்கள். படகு வருவது ஒன்பதுக்கு மேல். மீன் எடுக்கப் பெண்கள் வருவது விடியற்காலை மூன்று மணிக்கு. சாவி வைத்திருப்பவர் எழுந்து வருவது ஆறு மணிக்கு. ஆண்களாவது படகின் பின்பக்கம் போய்விடுகிறோம். அந்தப் பெண்கள் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று என் அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். அவள் இருபது வருடம் கூடை தூக்கியவள். வெளியூரிலிருந்து வந்த பையன்களுக்குக் கரையில் வீடு கிடையாது, படகிலேயே தூங்குகிறார்கள். அவர்களைக் குந்தாதே என்று விரட்டுவதற்கு முன்பு அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். மீன் கழுவ ஒரு நல்ல தண்ணீர்க் குழாயும் வேண்டும், இல்லையென்றால் வாளி நிற்காது.

இன்னொன்று, இது சுற்றுச்சூழல் இல்லை, உயிர். நான் போன படகில் ஒரு ராத்திரி, கொண்டல் காற்று நன்றாக அடித்த நேரம், பின்னால் போனவன் திரும்பவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பதில் இல்லை. படகைத் திருப்பி, டார்ச் அடித்து, முக்கால் மணி நேரம் தேடினோம். வலை மிதவை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான், பேச்சு வரவில்லை. அதற்கப்புறம் அவன் ராத்திரி சோறு சாப்பிடுவதையே நிறுத்திவிட்டான். நாங்கள் கேலி செய்தோம். நாலு பலகை அடித்து ஒரு கதவு வைத்திருந்தால் அவன் சாப்பிட்டிருப்பான்.

சங்கம் நினைத்தால் நடக்கும் என்பதற்கு உங்களிடமே சாட்சி இருக்கிறது. கடலுக்குப் போகாத நாளை நீங்கள் அறிவித்தால் ஒரு படகும் அவிழ்வதில்லை. மீறினவருக்குக் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கன் கிடையாது. 'தொட்டிக்குள் படகில் போகக் கூடாது, தொட்டித் தண்ணீரில் மீன் கழுவக் கூடாது' என்று இரண்டு வரியை அந்தக் கட்டுப்பாட்டு நோட்டில் எழுத ஒரு கூட்டம் போதும். மீன்வளத் துறையிடம் கேட்க வேண்டியது கழிவறைச் சாவி, தண்ணீர்க் குழாய், லாரி, மூன்றும்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகுகள் மேலே ஏறும், பெயிண்ட் அடிப்பீர்கள், எஞ்சினைப் பிரிப்பீர்கள். குழாய் வேலைக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. மூவழி வால்வு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று என் மச்சான் படகுக்கு, ரொம்ப முனகிவிட்டுச் சரி என்றிருக்கிறார். இன்னொன்று கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிறது. முதலில் வந்து கேட்கிற சம்மாட்டிக்கு வால்வும் டிரம்மும் கடனுக்குத் தருகிறேன், பழைய பாக்கியைப் பற்றி அன்றைக்குப் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
துறைமுக வாசல் கயிற்றுக் கடைக்காரன்